கேட்காமல் வந்தது

புதுக் கம்ப்யூட்டரில் கேட்காமலே வந்து குந்தியிருக்கும் கிளவுடைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், சார். என் மெஷினில் நான் வைக்கிற படத்தை எடுத்து எங்கேயோ ஏற்றிவைக்க இது யார்? கம்பெனிக்கு எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் நிறுத்துவேன். மூலையில் மேகப் படம் இருக்கும். அதைத் தட்டி, கணக்கைத் துண்டித்து, ஆளையே வெளியே அனுப்பிவிடலாம். இரண்டு நிமிட வேலை.

சேஃப்டி ஆபீசர் சுகிர்தா மட்டும் தன் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும் வரதண்ணா, உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றாள். வந்து ஆறு மாதம் ஆகவில்லை. நான் கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறவன்.

தகடு அழுத்துகிற புது பிரஸ் மெஷினிலும் அப்படி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சென்சார். கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். கை போகாதபோதும் நிற்கும். ஷிஃப்டுக்கு நாற்பது தடவை நின்றால் டார்கெட் எங்கிருந்து வரும்? ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். சுகிர்தா அதைப் படம் எடுத்தாள். மெஷின் ஷாப்புக்குள் போன் கூடாது. அதனால் ஆபீஸ் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, கேமராவைக் காலி செய்துவிடுவாள். ஒரு படத்தில் ஒயரோடு என் கையும் இருந்தது. மேலே எழுதப்போவதாகச் சொன்னாள். எழுதிக்கொள் என்றேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஆபரேட்டர் அந்தோணியின் கை உள்ளே போனது. மெஷின் நிற்கவில்லை. எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுகிர்தா கம்ப்யூட்டரைக்கூட மூடாமல் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டாள். நான் ஒயரைக் கழற்றினேன். பிறகு அவள் அறைக்குப் போனேன். பழக்கம் பாருங்கள், முதலில் கிளவுடை நிறுத்தினேன். அப்புறம்தான் படங்களை அழித்தேன். அந்தோணி வழியிலேயே இறந்துவிட்டான்.

அவன் குடித்துவிட்டு வந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவன் மனைவி ஆரோக்கியமேரி கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். "இது தவக்காலம்ணா. சாம்பல் புதன்லேர்ந்து அவரு தொடவே இல்ல. அவரு பேரையாவது திருப்பிக் குடுங்க," என்றாள். நஷ்டஈட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. வாசனை அடித்ததென்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

கிளவுடை நிறுத்தாமல் அழித்திருந்தால் அதில் ஏறியிருந்த படங்களும் சேர்ந்து அழிந்திருக்கும் என்று உங்கள் சைபர் கிரைம் ஆள் சொன்னார். நான் முதலில் நிறுத்திவிட்டதால் அத்தனை படமும் அங்கேயே தங்கிவிட்டது. இப்போதும் சொல்கிறேன், அதை யாரும் கேட்கவில்லை.

சென்சாரை அடைத்தது, படத்தை அழித்தது, பொய் எழுதியது, மூன்றும் நான்தான். வாக்குமூலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம், சார். என் லேப்டாப்பை எடுத்து வந்திருக்கிறீர்கள். என் மகள் ஸ்நேகாவின் சின்ன வயதுப் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. வேறெங்கும் காப்பி இல்லை. யாராவது கைவைத்து அழித்துவிடப் போகிறார்கள். அடுத்தவர் பொருள், கொஞ்சம் மனசாட்சியோடு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.