கிழக்குச் சரிவின் மழையை எழுதியவருக்கு

டயகம கருங்குன்றுத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிளாக்கராகப் பணிபுரிந்து ஓய்வுபெறும் உயர்திரு அலோசியஸ் ஐயா அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் படைக்கும் மடல்

மாண்பும் மௌனமும் ஒருங்கே மணக்கும் பெருந்தகையே! மழையைப் பொய்யின்றி அளந்து, மனிதரைப் பொய்யின்றி மதித்த மாசற்றவரே! வணக்கம்.

தொழிலாளரைப் பேர்கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பே, கை விறைக்கும் குளிரில், ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் மழைமானியில் மழையை அளந்து, காற்று எந்தப் பக்கமென்று பார்த்து எழுதிவைப்பது தங்கள் வழக்கம். காய்ச்சலிலும் கிறிஸ்து பிறந்த நத்தார் காலையிலும் அது தவறியதில்லை.

இருபது ஆண்டுக் குறிப்பேடுகளை ஒப்பிட்டு, 1958இல் தாங்கள் ஒன்றைக் கண்டீர்கள். தென்மேற்குக் காற்று வரவரப் பிந்துகிறது. வடகிழக்கு வாடைக்காற்றோ வலுத்து, பெருமழை வராதென்று எல்லாரும் நம்பிய கிழக்குச் சரிவில் கொட்டுகிறது. அங்கே தொழிலாளர் குடியிருக்கப் புது லயங்கள் கட்டவேண்டாம் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னீர்கள். துரை எங்களைக் கேட்டார். அலோசியஸ் கவனமில்லாமல் அளக்கிறார் என்று நாங்கள் ஐவர் எழுதிக் கொடுத்தோம். துரையின் முகம் கோணக்கூடாது என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணமில்லை. தங்களுக்கு வரவேண்டிய பெரிய கிளாக்கர் பதவி அத்தோடு போயிற்று, லயங்களும் அங்கேயே எழும்பின.

1961 மார்கழியில் மூன்று நாள் அடைமழை. தாங்கள் நனைந்தபடியே போய், மேல் லயத்தின் பன்னிரண்டு வீட்டாரையும் பாடசாலைக்கு அழைத்து வந்தீர்கள். அங்கே அவர்களில் ஒருவரான சோலைமலையிடம், "கிளாக்கரையா கணக்க நம்பியா இந்தக் குளிருல கெடக்குற? வீட்டுக்குப் போப்பா" என்று சிரித்தவர் எங்களில் ஒருவரான கணக்கப்பிள்ளை இராமையா. சோலைமலை போனார். மாலைக்குள் மண் சரிந்து லயத்தை மூடிற்று.

ஐம்பத்தோர் உயிர்கள் தங்களால் பிழைத்தன. ஓர் உயிர் எங்களால் போயிற்று. இதைச் சொல்லாமல் தங்களைப் புகழ எங்களுக்கு வாயில்லை.

கருணை வடிவே! சோலைமலையின் அடக்கம் முடிந்து திரும்புகையில், இராமையா தங்கள் கையைப் பிடித்து அழுதபோதும் தாங்கள் கடிந்துகொள்ளவில்லை. "எங் கணக்கு தப்பாப் போயிருந்தா நல்லா இருந்திருக்குங்க" என்றீர்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய்யென்று இன்று காலை ஐவரும் துரையிடம் எழுத்தில் கொடுத்துவிட்டோம். பதவி இனித் திரும்பாது, சோலைமலையும் திரும்பமாட்டார். ஆனால் அதே சரிவில் கீழ் லயத்தில் இன்னும் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை வேறிடத்தில் குடியேற்றும்வரை எங்களில் எவரும் வேலைக்கு வருவதில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறோம்.

துணைவியார் பெற்றீசியா அம்மையாருடன் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க! எங்களை மன்னிக்க மனம் வரும்வரையேனும் வாழ்க!

இராமையா, செல்லசாமி, றோலண்ட், சின்னராசா, ஐவி
கருங்குன்றுத் தோட்டம், 31.12.1964