அர்த்தம் தெரியாத வீட்டுப் பெயர்

“பஞ்சாப்ல எங்க வீட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததே உங்க தமிழ்தான் லா.”

1985 வாக்கில், ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த தலைப்பாகைக்காரச் சீக்கியர் தன் மலேசியத் தமிழ் நண்பரிடம் தமிழிலேயே சொன்னது இது. மூன்றாம் வகுப்போடு நின்று, அங்கே இரண்டு கடை போட்டவன் நான். லேசில் வாய் பிளக்க மாட்டேன். அன்று பிளந்தேன்.

“எப்படி?” என்றார் நண்பர்.

“தாத்தாவுக்கு மலாயா எஸ்டேட்ல காவல் வேலை. அவரு ஊர் பேரு தெரியும், வீடு தெரியாது. போய் விசாரிச்சேன். ஒரு தடவை தாத்தா லீவுல போனப்போ, சின்னவங்க எல்லாரையும் ஒரே வார்த்தையில கூப்பிட்டாராம். அந்த வீட்டுக்கு இன்னிக்கும் அதுதான் பேரு. அர்த்தம் அங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், கேட்டதுமே அது எங்க வீடுன்னு புரிஞ்சு போச்சு.”

“என்ன வார்த்தை?”

“தம்பி.”

“அர்த்தம் சொன்னியா?”

“சொன்னேன். அந்த வீட்டுப் பெரியவரு என் கையைப் புடிச்சு, ‘தம்பி’ன்னாரு.”