ஆட்டுக்குப் போன சத்து

காலையில இருந்து இந்தச் சபையில ஆண்டவருக்கு நன்றி, நன்றின்னு பாடிக்கிட்டே இருக்கோம். நல்லது... ஆனா உங்கள்ல பாதிப் பேரு மனசு இப்ப பின்னாடி வேகுற அசன விருந்துச் சோத்துலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். அது இறங்குறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லி முடிச்சிடுறேன். ஊரார் கதை இல்ல... என் கதைதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, என் வீட்டுக்காரி ஜாய்லெட்டுக்கு ஆறாம் மாசம். ரத்த அளவு சோதிச்சா... பதினொண்ணு இருக்க வேண்டிய இடத்துல எட்டு! நம்ம அன்னகனி நர்ஸ் சொன்னாங்க, "வாத்தியாரே, இப்படியே போனா பிரசவத்துல தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையை விடாதீய. கீரை, நெல்லிக்காய் நல்லாக் குடுங்க."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுத் தரிச்ச பிள்ளை ஐயா அது! சும்மா இருப்பேனா?

மறுநாளே முருங்கைக்கீரையையும் நெல்லிக்காயையும் மிக்ஸியில அடிச்சேன். அதோட விட்டேனா? பச்சையாக் குடுத்தா சேராதுன்னு, மூணு டம்ளரை ஒரு டம்ளராச் சுண்டக் காய்ச்சினேன். தொண்டையில திப்பி சிக்கக் கூடாதுன்னு வேட்டித் துணியில வடிகட்டினேன்... ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை! கசப்புப் போகக் கையோட ஒரு ஸ்ட்ராங் டீ. சத்து மாத்திரையும் அந்த டீயிலதான். பாத்தீங்களா, எம்புட்டு அக்கறை!

சரி... சக்கை? அதை வீணாக்கலாமா? அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா நேர்ந்துவிட்ட கிடா ஒண்ணு கொட்டகையில நின்னுச்சு. அதுக்கு வச்சேன்.

நாப்பது நாள் கழிச்சு மறுபடியும் சோதனை. எவ்வளவு? அதே எட்டு! "என்னங்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமத்தானே குடிச்சேன்"னு அழுதா ஜாய்லெட்.

அந்த ஞாயித்துக்கிழமை பண்டிகை. இதே கோயில் வாசல்ல காணிக்கை ஏலம். கிடாவை இழுத்துட்டு வந்தேன்... சபையே வாயைப் பிளந்துச்சு. அப்படி ஒரு மினுமினுப்பு! ஏலம் கேட்க வந்த அன்னகனி நர்ஸ் அதோட முதுகைத் தடவிப் பாத்தாங்க.

"வாத்தியாரே, இதுக்கு என்ன தீவனம் போடுதீய?"

நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன். காய்ச்சினது, வடிகட்டினது, டீ... ஒண்ணு விடாம. அவங்க இடுப்புல கை வச்சாங்க.

"ஏன் வாத்தியாரே... உங்க வீட்டுல மாசமா இருக்கது யாரு? உங்க சம்சாரமா, இந்தக் கிடாவா? பாதிச் சத்து சக்கையோட போச்சு. நெல்லிக்காய்ச் சத்து அடுப்புலயே அழிஞ்சு போச்சு. மிச்சம் மீதியையும் உடம்புல ஒட்ட விடாம உங்க டீ தடுத்துட்டுது. கிடாவுக்குக் கீரை, பிள்ளத்தாச்சிக்குக் கீரை கழுவுன தண்ணியா?"

ஊரே சிரிச்சுச்சு. எனக்கு முகத்துல ஈயாடல. கிடாவை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ஆனா அவங்க சொன்னபடி மாத்தினேன். கீரையைப் பொரியலாவே குடுத்தேன். நெல்லிக்காயைப் பச்சையாக் கடிக்கச் சொன்னேன். டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சேன். ரத்தம் ஏறுச்சு. பிள்ளை பொறந்துச்சு. அதோ... பாட்டுக் குழுவுல முதல் ஆளா நிக்கிறாளே பெர்சிஸ், அவதான்!

இப்ப சொல்லுங்க... நாமளும் ஆண்டவருக்கு நன்றியை வடிகட்டித்தானே சொல்றோம்? விளைச்சலுக்கு ஸ்தோத்திரம். வேலைக்கு ஸ்தோத்திரம். இனிக்கிறதை எல்லாம் டம்ளர்ல பிடிச்சுக்கிறோம். கசந்த நாளு, நம்மைக் கண்டிச்சவங்க, குத்தம் சொன்னவங்க... அதெல்லாம் நமக்குச் சக்கை. தூக்கிப் போட்டுடுறோம். சத்து எதுல ஐயா இருந்துச்சு? எதுல அம்மா இருந்துச்சு?

அன்னகனி அக்கா... மூணாவது வரிசையில உக்காந்திருக்கீங்க. அன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சுத் திட்டுனீங்க. ரோஷத்துல நான் நன்றியே சொல்லல. இன்னைக்கு அதே ஊரு முன்னாடி சொல்றேன்.

நன்றிக்கா... அந்தத் திட்டுக்கு.