இருமல் வரும் இடம்

தாம்பரத்திலிருந்து பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே வெள்ளை கவுன் போட்ட குழந்தையோடு ஓர் அக்கா. பக்கத்தில், அன்றைய ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கவேண்டிய தம்பி.

“செத்தவங்க உடம்போட எந்திரிப்பாங்கன்னு நம்பறியான்னு ஃபாதர் கேப்பாரு. எனக்கு நம்பிக்கை இல்லக்கா. வேற ஆளைப் பாரு.”

“சர்ச்சுக்குப் போற வழியில எங்கடா பாக்கறது?”

“சாத்தானை விட்டுடறியான்னு கேட்டா விட்டுடறேன். இந்த முட்டிவலியோட மறுபடி எந்திரிக்கறது நடக்காது. புள்ளைய வச்சிக்கினு பொய் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அந்த இடத்துல மட்டும் இருமிடு.”

“ஃபாதர் கண்டுபுடிச்சிட்டா?”

“என் வூட்டுக்காரர் வாராவாரம் பூசையில அதே வரி வர்றப்பதான் இருமறாரு. ஃபாதர் பாவம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிட்டாரு.”

தம்பி காலரைச் சரிசெய்துகொண்டு, ஒத்திகையாக ஒருமுறை இருமினான்.

இறங்கும்வரை எனக்கும் தொண்டை அரித்தது.