இரண்டு காண்

பிம்ப்ரியில் மெட்ரோ கிளம்பியதும் எதிர் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் தமிழில் சொன்னது காதில் விழுந்தது.

"இன்னைக்கு மீட்டிங்ல, நாம ஜாம்பியாவில ஒரு அசிங்கத்துக்கு மிஷின் குடுக்கப் போறோம்னு மராத்தியில சொல்லிட்டேங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

கணவர் புனேயிலேயே வளர்ந்தவர் போல. "சுரங்கத்துக்கு 'காண்'. காத்தோட சொல்லணும். நீ தொண்டையை அமுக்கியிருப்ப. அப்படிச் சொன்னா அசிங்கம், நாத்தம்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்லித் தந்திருக்கேன்!"

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'காண்'தான்.

"மதுரைக்காரிக்கு ஒரே ஒரு 'க' தாங்க. அது கிடக்கட்டும். அந்தச் செம்புச் சுரங்கத்துக்காரங்க எங்க போசரி கம்பெனியில கல் உடைக்கிற மிஷின் மட்டும் கேக்குறாங்க. உடைச்ச கல்லை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பிருவாங்களாம். ஜாம்பியாவிலேயே செம்பை உருக்கிக் கம்பி இழுக்குற மிஷினுக்கும் சேர்த்து கொட்டேஷன் குடுப்போம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்னு சொன்னேன். கேட்டதை மட்டும் குடுங்கங்கிறாரு மேனேஜர்."

"விட்டுடேன்."

"எப்படி விடுறது? கல்லெல்லாம் கப்பல் ஏறிட்டா அந்த ஊருக்கு மிச்சம் குழியும் புழுதியும்தான?"

"சரி, நாளைக்காவது அந்த வார்த்தையைத் திருத்திச் சொல்லு."

"மாட்டேன். நாளைக்கும் அசிங்கம்னேதான் சொல்லுவேன். சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும், ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒருத்தராவது கேப்பாங்கள்ல?"