அடைக்கு உட்கார்ந்தவள்

மயில் பார்க்கத்தான் அழகு ஐயா, தாயாக அது ஒன்றுக்கும் உதவாது. பொழுது சாயும் நேரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கேயே முட்டையிடும். மரக்கிளையில் உட்கார்ந்தபடியே இட்டு, கீழே விழுந்து உடைந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காத பேடு ஒன்று என்னிடம் இருந்தது. இன்னொன்று வேலியோரப் புதருக்குள் ஒளிந்து அடை காக்கும். நாய் ஒரு தடவை மோப்பம் பிடித்துவிட்டால் போதும், முட்டைகளைச் சில்லிட விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஓல்ட் என்கிற எங்கள் ஆற்றுப் பக்கம் மயில் வளர்ப்பவர்கள் யாரும் மயிலை நம்புவதில்லை. வான்கோழியைத்தான் நம்புவோம்.

நீங்கள் பட்டணத்துக்காரர், இதெல்லாம் தெரிந்திருக்காது. வான்கோழிக்கு அடை உட்காரும் எண்ணம் தானாக வரட்டும் என்று காத்திருந்தால் மயில் முட்டை கூமுட்டையாகிவிடும். எண்ணத்தை நாம்தான் வரவழைக்க வேண்டும். அலகைத் திறந்து இரண்டு கரண்டி பிளம் சாராயம் ஊற்றுவோம். தலை தொங்கியதும் முட்டைகளின் மேல் உட்கார வைத்து, கூடையால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவோம். போதை தெளிந்து கண் விழித்தால் சுற்றிலும் இருட்டு, அடியில் கதகதப்பாக முட்டைகள். தான் இட்டவைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் கூடையை எடுத்தாலும் எழுந்து போகாது. இரை தின்னக்கூட நாம்தான் தூக்கி இறக்கிவிட வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அதன் சொந்த முட்டை ஏதாவது கூட்டில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். சொந்த முட்டை ஒன்று இருந்தாலும் மயில் முட்டைகளை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

டிங்காவைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள்.

என் பெயர் இலாரியெ. மாளிகைத் தோட்டத்தில் காவல்காரனாக இருந்தேன். தோட்டத்தை மூடியபோது அங்கிருந்த ஒரு ஜோடி மயிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் ஒரே மகள் சாஃப்தா பிள்ளை பெற்ற கையோடு ஜன்னி கண்டு இறந்துபோனாள். பிள்ளையின் தகப்பன் யாரென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேரனுக்கு அங்கேல் என்று பெயர் வைத்தேன். பசும்பால், ஆட்டுப்பால், டப்பாப் பால் எதுவும் அவன் வயிற்றில் தங்கவில்லை. வரவர அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் கிழவன் தனிக்கட்டை என்று சொல்லிப் பையனை அரசாங்க அநாதை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். அதனால் நான் எங்கும் போகவில்லை.

அப்போதுதான் டிங்கா வந்தாள். சோளக்காட்டில் களை கொத்த ஆள் வேண்டுமா என்று கேட்டு, மழையில் நனைந்தபடி வாசலில் நின்றாள். முதுகில் மூட்டை, மார்பில் துணியால் கட்டிய பெண் குழந்தை. நான் கொட்டகையில் வான்கோழிக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மார்கியோலா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, ஒரு கரண்டியோட நிறுத்திட்டீங்க? என் வீட்டுக்காரனுக்கு ஒரு குடம் ஊத்தியும் ஒரு முட்டை மேல உக்கார மாட்டேங்கிறான்" என்றாள்.

டிங்கா சிரித்துவிட்டாள். நல்ல பெண் ஐயா, சிரித்த முகம். உள்ளே வந்து அங்கேலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, "குடுங்க மாமா" என்று வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். பையன் குடித்தான், குடித்தது வயிற்றில் நின்றது. மகளைப் புதைத்த அன்று வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் முறையாகத்தான் கேட்டேன்.

"ரெண்டு பேருக்குப் பத்தாது மாமா. என் பொண்ணே அரை வயித்தோட தூங்குறா. ஏதோ இன்னிக்குப் பாவம்னு குடுத்தேன். மழை விட்டதும் கிளம்பிடறேன், எங்க அக்கா காத்துக்கிட்டிருப்பா."

அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. பெற்றவள் தன் பிள்ளையைத்தான் பார்ப்பாள், அதுதான் முறை. நனைந்த உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையும் மிளகும் போட்டுச் சாராயத்தைச் சுடவைத்துக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையை வேண்டாம் என்றுதான் சொன்னாள். மூன்றாவதை மறுக்கத் தெம்பில்லை. சாஃப்தாவின் கட்டிலில் குழந்தையை அணைத்தபடியே தூங்கிப்போனாள். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

அவள் கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. மார்பில் அங்கேல் குடித்துக்கொண்டிருந்தான்.

"என் பொண்ணு எங்க மாமா?"

"தூக்கத்துல பொரண்டு படுத்துட்ட கண்ணு. நான் வந்து பாக்குறப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

பிள்ளையைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். வெளியே தெரிந்தால் உன்னைச் சிறையில் போடுவார்கள், என் வாயிலிருந்து ஒரு சொல் வராது, நீ பாட்டுக்கு இங்கேயே இரு என்றேன். வாதுமை மரத்தடியில் நானே குழி வெட்டினேன். பலகை அறுத்துப் பெட்டியும் நானே செய்தேன், இழைத்த பலகை.

மார்கியோலாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை, அவள்தான் குழந்தையைப் பார்த்திருந்தாளே. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா அண்ணே?"

"கோழி மிதிச்சா சாகாது. குடிச்ச வான்கோழி மிதிச்சா சாகும்."

சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் கேட்டதில்லை. அவள் ஆட்டுக்குப் புல் என் தோட்டத்திலிருந்துதான் போகிறது.

ஆரம்பத்தில் டிங்காவின் அறையை வெளியே பூட்டி வைத்தேன். ஓடிவிடுவாள் என்றல்ல, துக்கத்தில் கிணற்றில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். பிறகு பூட்டு தேவைப்படவில்லை. வாசல் கேட் திறந்தே கிடந்தது, அவள் தாண்டியதில்லை. அக்காவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். எந்த முகத்தோடு என்றாள். சோளக்களியை முன்னால் வைத்து, சாப்பிடு, சாப்பிட்டால்தான் பால் ஊறும் என்று சொன்னால்தான் சாப்பிடுவாள். ஆனால் பையனை வளர்த்தாள் பாருங்கள், சாஃப்தா இருந்திருந்தால்கூட அப்படி வளர்த்திருக்க மாட்டாள். ஓடியாடுகிறான், நன்றாகப் பேசுகிறான், அவளை அம்மா என்கிறான். மயில் குஞ்சுக்குத் தரையில் கிடக்கும் தீனி தெரியாது, அலகில் எடுத்துக் கொடுத்தால்தான் தின்னும். இவனும் அப்படித்தான், அவள் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறப்பான்.

இந்த ஈஸ்டருக்கு அவள் பாவமன்னிப்புக்குப் போனதுதான் தப்பாகிவிட்டது. பாதிரியார் இளைஞர். கடவுளிடம் சொன்னது போதாது, சட்டத்திடமும் சொல் என்றிருக்கிறார். அவள் பையனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு நேராக உங்களிடம் வந்து, குடித்துவிட்டுப் பெற்ற பிள்ளையை நசுக்கிக் கொன்றேன் என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும் நம்பி உள்ளே வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து பையன் எதுவும் சாப்பிடவில்லை. மார்கியோலா மடியில் வைத்துக் கெஞ்சியும் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். முன்பு பால் இல்லாமல் கிடந்த அதே முகம் திரும்ப வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். டிங்கா புரளவில்லை. அவ்வளவு குடித்தும், அப்படித் தூங்கியும், குழந்தையைச் சுற்றியிருந்த அவள் கை ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அவள் விழித்துவிடாமல் அந்தக் கையைத் தூக்குவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. குழந்தையைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப்போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தது. தலையணையை வைத்து அழுத்தினேன். சவலைப் பிள்ளை, அதிக நேரம் ஆகவில்லை. கோபத்தில் செய்தது இல்லை ஐயா, அந்தச் சின்ன உயிரோடு எனக்கு என்ன கோபம்? பிறகு அங்கேலைக் கொண்டுவந்து அவள் கைக்குள் வைத்தேன். தூக்கத்திலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவளை மட்டும் இன்றே அனுப்பிவிடுங்கள். மார்கியோலா பையனோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்திருக்கிறாள். டிங்கா வந்து கையில் எடுத்தால் பையன் தின்றுவிடுவான். சட்டம் மன்னித்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்ல வேண்டாம். பழி தன்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள், பையன் அநாதையாகிவிடுவான். ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம் உங்களுக்கு எதற்கு ஐயா?