கண்ணாடியில் ஒட்டிய கணக்கு

— மணி நாலே கால்தான் சார், நேரம் இருக்கு. தலைய ஆட்டாதீங்க, காதுகிட்ட கத்தரிக்கோல் இருக்கு.

— ஆட்டல அண்ணே. கண்ணாடியில என் மூஞ்சியத் தேடினேன். ஒரே சீட்டா ஒட்டியிருக்கு.

— மொத்தம் முப்பது. பத்தாம் வகுப்புக் கணக்கு. நீங்க கடைக்குப் புதுசு, அதான் தெரியல. இந்த நாற்காலில உட்கார்றவங்க ஒரு சீட்டப் படிச்சு என்னைக் கேள்வி கேட்கணும். நான் பதில் சொல்லணும்.

— யாருக்குப் பரீட்சை? பொண்ணுக்கா, பையனுக்கா?

— எனக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு.

— உங்களுக்கா?

— நாப்பத்தாறு வயசுல என்னய்யா பரீட்சைன்னு தோணுதுல்ல? கேட்டுடுங்க. எல்லாரும் கேட்டாச்சு.

— நான் கேட்கல.

— நல்லது. மத்த பாடமெல்லாம் அந்தக் காலத்துலயே பாஸ். கணக்கு மட்டும் நின்னுபோச்சு.

— அது எங்கயும் நிக்கல. நீதான்டா ஓடிப்போன. கணக்கு பீரியடுன்னா ஜன்னல் வழியாக் குதிச்சவன்தானே நீ?

— அவர் பேச்சக் கண்டுக்காதீங்க சார். தபால்காரர், ரிட்டயர் ஆயிட்டார். காலையில ஷேவிங், அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் அந்த பெஞ்சுல பேப்பர்.

— ஸ்கூல்ல இருந்து இவங்க அப்பாவுக்கு வந்த கடுதாசியெல்லாம் நான்தான் தம்பி கொண்டுவந்து குடுத்தேன். ஒட்டியிருந்த கவர்தான். ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெருவுக்கே தெரியும்.

— சரி, இப்ப எதுக்கு அண்ணே பரீட்சை?

— பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி முடிதிருத்தப் பயிற்சி மையம் திறக்கறாங்க. சொல்லிக்குடுக்க ஆள் வேணுமாம். அத நடத்தற மேடம் இங்க வந்து, நான் நாலு பேருக்கு வெட்டறத நின்னு பார்த்தாங்க. நீங்கதான்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரு காகிதத்த நீட்டினாங்க. பத்தாவது பாஸ் ஆகியிருக்கணுமாம். நாளைக்கு விட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க.

— அந்த வேலை அவ்வளவு வேணுமா உங்களுக்கு?

— இருபத்தெட்டு வருஷமா வெட்டறேன் சார். நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. எப்படி வெட்டினேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நாலு பேருக்குச் சொல்லணும்னு இருக்கு. சரி, நிமிருங்க. ஒரு சீட்டப் படிங்க.

— எது வேணா படிக்கலாமா?

— எது வேணா. மூணு மாசத்துல ஒண்ணுகூடத் தப்பினதில்ல.

— ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்.

— இதானா? ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாடையத் தூக்குங்க, கழுத்துல கத்தி வைக்கணும்.

— தப்பு.

— என்ன?

— தப்பு அண்ணே. நடுவுல ரெண்டு ஏபி வரும். அண்ணே, கத்தி. கத்திய எடுங்க.

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன். பயப்படாதீங்க. தப்புன்னா சொன்னீங்க?

— ஏ மூணுன்னு வைங்க. பி நாலுன்னு வைங்க. கூட்டினா?

— ஏழு.

— ஏழ ஏழால பெருக்கினா?

— நாப்பத்தொன்பது.

— இப்ப நீங்க சொன்ன மாதிரி போடுங்க. மூணு மூணா ஒன்பது, நாலு நாலாப் பதினாறு.

— இருபத்தஞ்சு. அட, மீதி எங்க போச்சு?

— அதான் நீங்க விட்ட நடு ஆள். ரெண்ட மூணால பெருக்கி, நாலால பெருக்குங்க.

— இருபத்துநாலு. வருதே. இருபத்தஞ்சும் இருபத்துநாலும், சரியா நாப்பத்தொன்பது வருதே சார்.

— வரும்.

— அப்ப மூணு மாசமா நான் என்ன சொல்லிட்டிருந்தேன்? தபால்காரரே, இந்தச் சீட்ட நீங்க எத்தன தடவ கேட்டிருப்பீங்க?

— அதுதான் கண்ணுக்கு நேரா இருக்கு. ஒரு அறுபது தடவ இருக்கும்.

— நான் பதில் சொன்னதும் என்ன சொன்னீங்க?

— சரின்னேன்.

— சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கு எங்கடா தெரியும்?

— பின்ன ஏன் சரின்னீங்க?

— டேய் கத்திரி. என் கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டு, 'சரியா?'ன்னு கேட்கற. நான் வேற என்ன சொல்லணுங்கற?

— எல்லாருமா?

— தையல்கடைக்காரர், பேங்க் மேனேஜர், வாயே திறக்காத அந்த லாரிக்காரர், எல்லாரும்தான். சீட்டப் படிச்சதுக்கு அப்புறம் அவர் பேசின ஒரே வார்த்த அந்தச் சரிதான். தப்பா நினைக்காதடா. சரின்னு சொன்னா உன் மூஞ்சி மலரும். கையும் நிதானமா ஓடும். எங்களுக்கு அது போதும்.

— அண்ணே, விடையெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருப்பீங்களே?

— வெச்சிருக்கேன் சார். சீட்டுக்குப் பின்பக்கம்.

— பின்பக்கம்னா?

— முன்னாடி கேள்வி, பின்னாடி விடை. பொறுமையா உட்கார்ந்து எழுதி, பசை தடவி...

— விடைப் பக்கம் உள்ள போற மாதிரி ஒட்டிட்டீங்க.

— ஆமா. சிரிக்காதீங்க தபால்காரரே.

— நான் எங்கடா சிரிச்சேன்? இருமல்.

— ஒண்ணப் பிச்சுப் பாருங்க அண்ணே.

— வரல சார். கிழியுது. பாதிதான் கையில வந்துச்சு. எழுத்து இருந்த பாதி கண்ணாடியோட போயிடுச்சு.

— விடுங்க. முப்பதையும் நான் கேட்கறேன். எது சரி, எது தப்புன்னு எனக்குத் தெரியும்.

— உங்களுக்கு நேரமாகலயா? வெளியூர் போல இருக்கு. பெட்டியெல்லாம் இருக்கே.

— பரவாயில்ல. வட்டத்தோட சுற்றளவு?

— ரெண்டு பை ஆர்.

— சரி.

— நிஜமாவே சரியா, இல்ல இவங்க சொல்ற மாதிரி கத்திச் சரியா?

— கத்தி மேசைமேல இருக்கு அண்ணே. நிஜச் சரிதான். அடுத்து, கூம்போட கன அளவு?

— பை ஆர் ஸ்கொயர் ஹெச்.

— அது உருளைக்கு. கூம்புக்கு அதுல மூணுல ஒரு பங்கு.

— மீதி ரெண்டு பங்க எங்க இருந்து கொண்டுவந்து சேர்த்தேன் நான்? சரி, கேளுங்க. கேட்டுட்டே இருங்க.

— கேட்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடுங்க.

— குடிங்க, குடிங்க. தபால்காரரே, பேப்பர மடிச்சு வெச்சிட்டுக் கணக்கு வெச்சுக்கங்க. சரின்னா ஒரு கோடு, தப்புன்னா ஒரு சுழி.

— போட்டுக்கிட்டே வரேன். நீ பதிலச் சொல்லு.

— அவ்வளவுதான் அண்ணே, கடைசிச் சீட்டு. முப்பதும் கேட்டாச்சு.

— உங்க கன்னத்துல சோப்பே காஞ்சுபோச்சு சார். மறுபடியும் தடவறேன். தபால்காரரே, எத்தன?

— கோடு பத்தொன்பது. சுழி பதினொண்ணு.

— பதினொண்ணா. சரி. வாசல்ல 'நாளை விடுமுறை'ன்னு அட்ட தொங்குது பாருங்க, அதக் கழட்டிடுங்க.

— எதுக்குடா?

— நாளைக்குக் கடை உண்டு. நான் போகல.

— ஏன் அண்ணே? பாதிக்கு மேல சரியா இருக்கே.

— பிடிக்கல சார். பழகப் பழகப் பிடிச்சிடும்னாங்க. மூணு மாசம் பழகியாச்சு. டீச்சர் அடிச்சாங்களா, அந்த வெறுப்பான்னு கேட்கறாங்க. அடிக்கல. நல்ல மனுஷி, ஒரு தடவகூடத் திட்டினதில்ல. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். அதுக்கு ஒரு காரணம் வேற வேணுமா?

— வேண்டாம். ஆனா முடி வெட்டறதே ஒரு கணக்குதானே, கத்தரிக்கோல் விரியறது ஒரு கோணம்தானே...

— அத மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. முடி முடிதான், கணக்கு கணக்குதான்.

— சரி, சொல்லல. வேற ஒண்ணு கேட்கறேன். இந்த நாற்காலில வந்து உட்கார்ற தலையில, உங்களுக்குப் பிடிக்காத தலைன்னு ஏதாவது உண்டா?

— இருக்கே. இந்தக் கட்டடத்துக்காரர். உட்கார்ந்ததும் உங்கப்பா கை மாதிரி வராதும்பார். எழுந்திருக்கும்போதும் அதையேதான் சொல்லுவார். பின்தலையில ரெண்டு சுழி வேற, ஒண்ணுக்கொண்ணு எதிரா.

— எத்தன வருஷமா வெட்டறீங்க அவருக்கு?

— இருபது.

— பழகிப் பழகிப் பிடிச்சுப்போச்சா?

— எங்க பிடிக்கறது? படியேறும்போது செருப்புச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும்.

— எப்பவாவது ஏனோதானோன்னு வெட்டி அனுப்பினதுண்டா?

— சேச்சே. அது எப்படி? என் கைவேலையில்லயா அது? ஒரு கீறல்கூட விழுந்ததில்ல.

— வயிறு எரிய எரிய எப்படி வெட்டறீங்க?

— எப்படின்னா, அவரப் பார்க்க மாட்டேன். காதுக்கு மேல ரெண்டு விரல் அளவு முடிய மட்டும் பார்ப்பேன். அது முடிஞ்சா அடுத்த ரெண்டு விரல். ரொம்ப முடியலன்னா, சீப்பக் கழுவிட்டு வரேன்னு பின்னாடி போய் ஒரு நிமிஷம் நிப்பேன். எப்படியும் அரை மணி நேரத்துல எழுந்து போயிடுவார். அந்த நினைப்புலதான் வண்டி ஓடும்.

— கணக்கும் மூணு மணி நேரத்துல எழுந்து போயிடும் அண்ணே. நீங்க அதக் கொஞ்ச வேண்டாம். வந்த தலைய வெட்டி அனுப்புங்க.

— டேய் கத்திரி, இவர் சொல்றது எனக்கே புரியுதுடா.

— இருங்க தபால்காரரே. யோசிச்சுப் பார்த்தா, பிடிக்கணும் பிடிக்கணும்னு முட்டினதுலதான் சார் பாதி நாள் போச்சு. புத்தகத்தத் திறப்பேன், இன்னும் பிடிக்கலயேன்னு மூடிடுவேன்.

— அந்தப் பதினொண்ண மட்டும் இன்னிக்குப் பாருங்க. ரெண்டு ரெண்டு விரலா.

— எழுதிக் குடுப்பீங்களா? இந்தாங்க பேனா. அந்தப் பேப்பர் ஓரத்துல எழுதுங்க.

— என் பேப்பராடா? சரி சரி, எழுதுங்க தம்பி. ராசிபலனத் தாண்டியாச்சு.

— எழுதிட்டேன். பின்பக்கம் ஒண்ணும் எழுதல அண்ணே, ஒட்டினாலும் பரவாயில்ல.

— அடப் போங்க சார். நாளைக்கு உள்ள போனதும் என்ன செய்யணும்? நான் அந்தப் பக்கம் போய் முப்பது வருஷமாச்சு.

— வரைபடக் கேள்வி கடைசியில இருக்கும். அத முதல்ல போடுங்க. பென்சில இங்கயே சீவிக்கங்க. தெரியாத கேள்விய முறைச்சுக்கிட்டு உட்காராதீங்க, தாண்டிப் போங்க. ரெண்டாவது மணி அடிச்சதும் ஒருத்தர் எழுந்து பேப்பரக் குடுத்துட்டுப் போவார். எல்லாத்தையும் எழுதிட்டார் போலன்னு தோணும். எழுதியிருக்க மாட்டார். அவரப் பார்த்து நீங்க எழுந்திருக்காதீங்க.

— நேர்ல பார்த்த மாதிரியே சொல்றீங்களே.

— பார்த்திருக்கேன்.

— பரீட்ச மேற்பார்வைக்குன்னு வெளியூர்ல இருந்து வாத்தியாருங்க வருவாங்கடா. சார் அதுக்குத்தான் வந்திருப்பார்.

— அதான பார்த்தேன். தாடையத் தூக்குங்க சார். இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. தபால்காரரே, அந்த அட்டய மறுபடி மாட்டிடுங்க.

— கழட்டினாத்தானேடா மாட்டறதுக்கு? நீ சொன்னதும் ஓடிப்போய்க் கழட்டிடுவேனா நான்?

— முடிஞ்சுது. துடைச்சுக்கங்க சார். நீங்க எந்த ஸ்கூல்னு சொல்லவே இல்லயே? ரிசல்ட் வந்ததும் முதல் ஆளா உங்களுக்குத்தான் சொல்லணும்.

— நான் வாத்தியார் இல்ல அண்ணே. நாளைக்கு அதே கணக்குப் பரீட்சை எனக்கும், இந்த ஊர்ல இருக்கறது ஒரே ஹால்தானே. இது ஏழாவது தடவ. வெளிய யார் கேட்டாலும் முப்பதும் வருது, உள்ள போய் உட்கார்ந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. எழுதாமலே ஊருக்குத் திரும்பிடலாம்னுதான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன், வண்டி வர நேரமாகும்னாங்க, இங்க வந்து உட்கார்ந்தேன். காலையில நீங்க போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?